சோலார் இன்வெர்ட்டரில் எர்த் பிழை: அறிகுறியைப் பார்த்து இடத்தைப் பிடிப்பது

மொட்டைமாடியில் சோலார் போட்ட வீட்டுக்குப் போனால் காம்பவுண்டு ஓரமாக எர்த் குழிகளின் மேல் மூன்று சிமென்ட் மூடி இருக்கும். ஏசி (ஈபி பக்கம்), டிசி (பேனல் பக்கம்), எல்ஏ (இடிதாங்கி) என்று பெயிண்டில் எழுதியிருப்பார்கள். 2024 பிப்ரவரியில், வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்யகர் திட்டம் வந்த பிறகு இந்த மூடிகள் நம்மூரில் நிறையவே கண்ணில் படுகின்றன. மூடியைப் பார்த்ததும் எர்த் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் குழி என்பது பாதையின் கடைசி முனை மட்டும்தான். பேனல் பிரேமிலிருந்து அந்தக் குழி வரை எத்தனையோ லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்), நட்டு, வாஷர் வருகின்றன, நான் போய்ப் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை அந்த இணைப்புகளில்தான் இருந்தன. எர்த்திங் என்றால் மண்ணோடு சேர்ப்பது, பாண்டிங் என்றால் வீட்டில் கைபடும் உலோகத்தையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து ஒரே வோல்டேஜில் வைப்பது. முதலாவதற்குக் காசு செலவழிக்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

இங்கே சொல்வது 3 கிலோவாட், 5 கிலோவாட் அளவில், ஈபி லைனோடு சேர்ந்து ஓடுகிற, டிரான்ஸ்பார்மர் இல்லாத சாதாரண வீட்டு இன்வெர்ட்டருக்கு.

கை வைக்கும் முன் ஒரு விஷயம். வெயில் இருக்கும்வரை பேனலை யாராலும் அணைக்க முடியாது. 6 பேனல் வரிசையாக இணைந்த ஒரு ஸ்ட்ரிங் 270, 290 வோல்ட் டிசி வைத்திருக்கும், அது உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் ஏசி பக்கம் எம்சிபியை (கரண்ட் அதிகமானால் விழும் சுவிட்ச்) இறக்குங்கள், இன்வெர்ட்டர் நின்றபிறகு டிசி ஐசொலேட்டரை (பேனல் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) திருப்புங்கள், உள்ளே கப்பாசிட்டர் இறங்க ஐந்து நிமிடமாவது விடுங்கள். கரண்ட் ஓடும்போது எம்சி4 கனெக்டரை (பேனல் வயர்களைச் சேர்க்கும் பிளக்) பிடுங்கவே கூடாது, பிரித்த இடத்தில் தீப்பொறி நின்று எரியும். டிஸ்ப்ளே பார்ப்பது, மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பது, ஆர்சிசிபியின் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அமுக்குவது, இவை வீட்டுக்காரர் செய்யலாம். மீட்டர் முள் வைக்கிற வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்கு. திட்டத்தில் போட்டவர்களுக்கு ஐந்து வருடம் பராமரிப்பு போட்டுக் கொடுத்தவர் பொறுப்பில்தான் இருக்கிறது, கூப்பிடத் தயங்க வேண்டாம்.

மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் ஐசொலேஷன் பிழை

இதுதான் அதிகம் வருவது. ஒரு அம்மா என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "தம்பி, ராத்திரி மழை பெஞ்சா காலையில இது செவப்பு லைட்டைப் போட்டுக்கிட்டு நிக்குது, பத்து மணிக்கு மேல தானா ஓட ஆரம்பிச்சிடுது, நான் பாட்டுக்கு விட்டுட்டேன்."

நடப்பது என்னவென்றால், இன்வெர்ட்டர் தினமும் காலையில் லைனோடு சேரும் முன்பு பேனல் வயர்களுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று ஒருமுறை அளந்து பார்க்கிறது. சோலார் இன்வெர்ட்டருக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62109-2 கணக்குப்படி அதிகபட்ச டிசி வோல்டேஜை 30 மில்லி ஆம்பியரால் வகுத்து வருவது குறைந்தபட்ச எல்லை, அதாவது 600 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 20 கிலோ ஓம். பல தயாரிப்பாளர்கள் இதைவிட உயரத்திலேயே எல்லையை வைக்கிறார்கள். ஈரத்தில் ரெசிஸ்டன்ஸ் அதற்குக் கீழே போனால் சேர மறுக்கும், காய்ந்ததும் சேரும். தானாகச் சரியாகிவிடுகிறது என்று விட்டால் அந்த ஓட்டை மழைக்கு மழை பெரிதாகும்.

அந்த அம்மா வீட்டில் மாடிக்குப் போய்க் குனிந்து பேனலுக்கு அடியில் பார்த்தேன். கேபிள் டை வெயிலில் பொடிந்து விழுந்திருந்தது, நாலாவது பேனலின் எம்சி4 ஜோடி தளத்தில் தொங்கி, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் படுத்துக் கிடந்தது. பிரித்தால் உள்ளே பின்னைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தது. ஆணும் பெண்ணும் வேறு வேறு கம்பெனி, பார்வைக்குப் பொருந்தியிருக்கும், ரப்பர் வளையம் இறுகியிருக்காது. இரண்டையும் வெட்டிவிட்டு ஒரே கம்பெனி ஜோடி போட்டு, அதற்கான கிரிம்பிங் டூலால் அமுக்கி, ஸ்ட்ரக்சரில் உயரமாகக் கட்டியதோடு சரியாகிவிட்டது. இந்த அறிகுறிக்கு முதலில் கனெக்டர், அடுத்து ஸ்ட்ரக்சரின் கூர்மையான ஓரத்தில் உரசிய கேபிள், அதற்கடுத்து அணிலும் எலியும் கடித்த இடம், பிறகு டிசி கேபிள் பைப்புக்குள் தண்ணீர், இந்த வரிசையில் பாருங்கள். பைப்பின் மேல்வாய் வானத்தைப் பார்த்து இருந்தால் உள்ளே கண்டிப்பாகத் தண்ணீர் நிற்கும்.

நாள் முழுக்க அதே பிழை, வெயில் அடித்தாலும் போகவில்லை

இது ஒருவிதத்தில் நல்லது, கோளாறு ஓடி ஒளியவில்லை. முதலில் டிசிடிபியில் (டிசி பக்கத்துப் பெட்டி) உள்ள எஸ்பிடி (இடியால் எகிறும் வோல்டேஜை எர்த்துக்கு இறக்கும் கருவி) கார்ட்ரிட்ஜை டிசி ஐசொலேட் செய்த பிறகு உருவிவிட்டு இன்வெர்ட்டரை மறுபடி போட்டுப் பாருங்கள். இடி தாங்கிக் களைத்துப்போன எஸ்பிடி எர்த்துக்குக் கசியும், அதன் ஜன்னல் இன்னும் பச்சையாகவே இருக்கும். இதைப் பார்க்காமல் மாடியிலுள்ள பேனலையெல்லாம் இறக்கிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்பிடி இல்லை என்றால் மீட்டர் வேலை. ஸ்ட்ரிங்கை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிட்டு மூன்று அளவு எடுங்கள்: பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும், பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும், மைனஸ்ஸுக்கும் எர்த்துக்கும். ஸ்ட்ரிங் நன்றாக இருந்தால் எர்த்தோடு அளக்கும் இரண்டும் கொஞ்ச நேரம் ஏதோ காட்டிவிட்டுப் பூஜ்யத்தை நோக்கி இறங்கிப் போகும். இறங்காமல் நின்றால் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது, அதுவும் எந்த இடம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு 6 பேனல், மத்தியான சூட்டில் ஒவ்வொன்றும் 45 வோல்ட், மொத்தம் 270. பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்கு 180, மைனஸிலிருந்து எர்த்துக்கு 90 வருகிறது என்றால் 90 வோல்ட் என்பது இரண்டு பேனல். மைனஸ் முனையிலிருந்து எண்ணி இரண்டாவது பேனலுக்கும் மூன்றாவது பேனலுக்கும் நடுவில் உள்ள வயர் அல்லது கனெக்டரைப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் முழு 270, மறுபக்கம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் பேனலில் தேடாதீர்கள், கீழே இறங்கி வரும் நீளமான கேபிளில்தான் ஓட்டை. சில நேரம் இரண்டையும் கூட்டினால் 270 வராது, 120ம் 60ம் மாதிரி குறைவாக வரும். கசிவு லேசாக இருக்கிறது என்று அர்த்தம், அப்போதும் 2க்கு 1 என்ற விகிதம் மாறாது, இடமும் அதேதான். ஓட்டை ஓரிடத்தில் மட்டும் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பேனலின் நடுவே, அதாவது 110 வோல்ட் மாதிரி முழுப் பேனல் எண்ணிக்கையில் வராமல் வந்தால், அந்தப் பேனலுக்குள்ளேயே, ஜங்ஷன் பாக்ஸிலோ பின்ஷீட் கீறலிலோ பாருங்கள்.

'நோ எர்த்', 'பிஇ ஃபால்ட்' என்று காட்டுகிறது

பிஇ என்றால் எர்த் வயர். இது ஏசி பக்கத்துப் பேச்சு. நம் வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவது ஃபேஸும் நியூட்ரலும் மட்டும்தான், எர்த் நம் குழியிலிருந்து வருகிறது. இன்வெர்ட்டர் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு தாண்டினால் பிழை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இன்வெர்ட்டர் டெர்மினலிலேயே மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த் அதற்குப் பக்கத்தில், நியூட்ரல்-எர்த் ஓரிரண்டு வோல்ட் என்றால் ஏசி பக்கம் பெரும்பாலும் நலம். நியூட்ரல்-எர்த் 230 காட்டி, ஃபேஸ்-எர்த் பூஜ்யம் காட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் மாறி மாட்டியிருக்கிறது, சிங்கிள் ஃபேஸில் இது நிறைய நடக்கிறது. ஏசிடிபியில் (ஏசி பக்கத்துப் பெட்டி) மாற்றிப் போட்டால் ஐந்து நிமிட வேலை. இரண்டுமே 100 சொச்சத்தில் தடுமாறினால் எர்த் வயர் எங்கோ அறுந்து அந்தரத்தில் நிற்கிறது. நியூட்ரல்-எர்த் 10, 15 என்று ஏறி, அதுவும் சாயந்தரம் லோடு கூடும்போது ஏறினால், குழி காய்ந்திருக்கலாம் அல்லது ஈபி நியூட்ரல் கம்பத்தில் லூசாக இருக்கலாம். இரண்டாவது என்றால் பக்கத்து வீட்டிலும் லைட் மங்கிப் பளிச்சிடும், மின்வாரியத்தில் புகார் கொடுங்கள், நீங்கள் கம்பத்தில் ஏற வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிழை போகவில்லை என்று ஏசிடிபிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிழை உடனே போய்விடும், இன்வெர்ட்டர் ஓடும், எல்லோரும் சந்தோஷம். ஆனால் கம்பத்தில் நியூட்ரல் அறுந்த அன்று என்ன ஆகும்? தெருவில் அந்த லைனில் உள்ள வீடுகளின் நியூட்ரல் கரண்ட் திரும்பிப்போக வழி தேடி உங்கள் எர்த் குழி வழியாக இறங்கும். குழி அதைத் தாங்காது, அப்போது உங்கள் வீட்டு எர்த் வயர் முழுக்க உயிரோடு இருக்கும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார், கிரைண்டர், மாடியில் பேனல் ஸ்ட்ரக்சர், எர்த் வயர் போன எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட். அந்தத் துண்டு வயரைப் பார்த்தால் மெயினை இறக்கிவிட்டுக் கழற்றி எறியுங்கள், பிழை திரும்ப வரட்டும், காரணத்தைத் தேடலாம். ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டு "சுருக்குனு இருக்கு" என்று சொன்னதால்தான் அந்த வயரே வெளியில் தெரிந்தது.

குழி சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபேஸிலிருந்து எர்த்துக்கு 100 வாட் பல்பு போட்டு "நல்லா எரியுது, எர்த் ஓகே" என்பது நம் ஊரில் பழக்கம். அதை நம்ப வேண்டாம். 100 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் 529 ஓம், குழி 50 ஓம் என்று கெட்டுப்போயிருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சோலாருக்குக் கேட்பது 5 ஓமுக்குள். குழியை வீட்டு எர்த்திலிருந்து தனியாகப் பிரித்துவிட்டு, மண்ணில் இரண்டு முள் அடித்து அளக்கிற எர்த் டெஸ்டர்தான் சரியான வழி. இடமில்லாத வீட்டில் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் கிளாம்ப் வகை டெஸ்டர் உதவும், தனித்தனியாக இருந்தால் அது தப்பு எண் காட்டும். கோயம்புத்தூர், தருமபுரி பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும் இடங்களில் ஒரே ராடை இன்னும் இறக்கப் பார்ப்பதைவிடத் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று ராடு அடித்து இணைப்பது வேலைக்கு ஆகும்.

இன்னொன்று, 5 ஓம் வந்துவிட்டால் எம்சிபி காப்பாற்றிவிடும் என்று நினைக்காதீர்கள். ஃபேஸ் ஏதோ ஒரு மெஷின் பாடியைத் தொடுகிறது என்று வையுங்கள். உங்கள் குழி 5 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம் என்றால் 230ஐ 7ஆல் வகுத்து 33 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 160 ஆம்பியராவது வேண்டும். அது விழாமல் நிற்கும், பாடியில் 160 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். நம் மாதிரி குழி எர்த் வீட்டில் உயிரைக் காப்பது ஆர்சிசிபிதான்.

மத்தியானம் ஆர்சிசிபி விழுகிறது

சரி, அந்த ஆர்சிசிபியே தொல்லை கொடுத்தால்? பேனலுக்குள் செல், வெளியே அலுமினிய பிரேம், நடுவில் கண்ணாடி. இது ஒரு பெரிய கப்பாசிட்டர். டிரான்ஸ்பார்மர் இல்லாத இன்வெர்ட்டர் ஓடும்போது அதன் வழியாகக் கொஞ்சம் கசிவு எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், பேனல் நனைந்தால் கூடும். இது கோளாறு இல்லை, இயல்பு. 30 கேவிஏ அளவு வரையுள்ள இன்வெர்ட்டரின் உள்ளே உள்ள காவல் தொடர்ந்து 300 மில்லி ஆம்பியர் தாண்டினால் நிறுத்தும், திடீரென்று 30 மில்லி ஆம்பியர் எகிறினாலும் 0.3 நொடிக்குள் நிறுத்தும். ஆனால் சோலார் லைனை வீட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்குப் பின்னால், வீட்டு லோடோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்த இயல்பான கசிவும் பழைய கீசர், மோட்டார் கசிவும் சேர்ந்து அதை இறக்கிவிடும்.

சோலார் எம்சிபியை மட்டும் ஒருநாள் முழுக்க இறக்கி வையுங்கள். அன்றும் விழுந்தால் கோளாறு வீட்டில். விழாவிட்டால் சோலாரை ஆர்சிசிபிக்கு முன்னால், மெயினுக்கு அடுத்து எடுத்து, இன்வெர்ட்டர் கையேட்டில் சொன்ன வகையில் தனி ஆர்சிசிபி போடுங்கள், பலரும் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் சொல்வார்கள். வீட்டு லோடுக்கு 30 அப்படியே இருக்கட்டும். தொல்லையாக இருக்கிறது என்று வீட்டு ஆர்சிசிபியைக் கழற்றி நேராகக் கொடுத்தால், மேலே சொன்ன 33 ஆம்பியர் கணக்கில் உங்களைக் காக்க ஒன்றுமே இருக்காது.

பேனலைத் துடைக்கும்போது கை விர்ரென்கிறது

அதே கசிவுதான், ஆனால் இறங்கிப்போக வழியில்லாமல் பிரேமில் நிற்கிறது. பாண்டிங் விட்டுப்போனதற்கு நேரடிச் சாட்சி. உடனே இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

பேனல் பிரேம் அலுமினியம், அதன் மேல் அனோடைஸ் பூச்சு, அது கரண்டைக் கடத்தாது. கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டோமே, ஸ்ட்ரக்சரோடு தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்பார்கள். தொட்டுக்கொண்டிருக்கும், கடத்தாது. மீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து பிரேமின் பளபளப்பான முகத்தில் முள்ளை வைத்தாலே தெரியும், ஒன்றும் காட்டாது, கொஞ்சம் சுரண்டிவிட்டு வைத்தால் கூவும். பிரேமிலேயே எர்த் குறியிட்ட துளை ஒன்று இருக்கும், அங்கே பூச்சைக் கடித்து உள்ளே போகும் பல்லுள்ள வாஷரும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் போட்டு வயர் எடுக்க வேண்டும். பிரேமிலிருந்து கீழே எர்த் பார் வரை நீள வயர் விட்டு அளந்தால், அந்த வயரின் ரெசிஸ்டன்ஸைக் கழித்தபிறகு 1 ஓமுக்குள் வர வேண்டும்.

இரண்டு தப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, பேனலிலிருந்து பேனலுக்குச் சங்கிலியாக வயர் போட்டு, நடுவில் ஒரு பேனலைக் கழற்றியதும் அடுத்தடுத்த எல்லாம் எர்த் இல்லாமல் போவது. ஓடும் வயரை அறுக்காமல் ஒவ்வொரு பிரேமும் அதில் வந்து சேர வேண்டும். இன்னொன்று, வெறும் செம்பு லக்கை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) மீதோ அலுமினியத்தின் மீதோ நேராக வைத்து இறுக்குவது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் லக்கின் அடியில் வெள்ளைப் பொடி பூத்து, நட்டு இறுக்கமாக இருக்கும்போதே தொடுப்பு போய்விடும். டின் பூசிய லக் போட்டு, இறுக்கியபின் மேலே பூச்சு கொடுங்கள்.

இடி மழைக்குப் பிறகு எஸ்பிடி சிவப்பாகிவிட்டது

கார்ட்ரிட்ஜ் மாற்றலாம், அது தன் வேலையைச் செய்துவிட்டது. சித்திரை, வைகாசி கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் வருடத்துக்கு வருடம் போகிறது, அல்லது எஸ்பிடி இருந்தும் இன்வெர்ட்டர் போர்டு கருகுகிறது என்றால் எர்த் அமைப்பைப் பாருங்கள். எஸ்பிடியிலிருந்து எர்த் பாருக்குப் போகும் வயர் அரை மீட்டருக்குள் நேராக இருக்க வேண்டும், சுருட்டி வைத்திருந்தால் இடியின் வேகத்துக்கு அந்தச் சுருளே தடை. இடிதாங்கிக் கம்பியிலிருந்து இறங்கும் பட்டை டிசி கேபிளோடு ஒரே பைப்பில் வரக்கூடாது, வீட்டுக்கு வெளியே தனி வழியில் நேராக இறங்க வேண்டும்.

அப்புறம் அந்த மூன்று குழிகள். எல்ஏ குழியைத் தனியாக விட்டால்தான் பாதுகாப்பு, சேர்த்தால் இடி வீட்டுக்குள் வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. இடியில் 10,000 ஆம்பியர் இறங்கினால்கூட 5 ஓம் குழியில் 50,000 வோல்ட் எழும். பக்கத்தில் தனியாக நிற்கும் டிசி குழி அதோடு சேர்ந்து எழாது, இரண்டுக்கும் நடுவிலான அந்த வித்தியாசம் முழுவதும் பாய இடம் தேடும், கிடைக்கும் இடம் மாடியில் ஸ்ட்ரக்சருக்கும் கேபிளுக்கும் நடுவே, இல்லாவிட்டால் இன்வெர்ட்டருக்குள். மூன்றையும் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கும். இடிதாங்கி பற்றிய ஐ.இ.சி. 62305ம் ஒரே ஒருங்கிணைந்த எர்த் அமைப்பைத்தான் விரும்புகிறது. குழிக்குக் குழி தனியாகத்தான் தோண்ட வேண்டும், மாடியிலிருந்து தனித்தனிப் பாதையில்தான் இறங்க வேண்டும், கீழே மண்ணுக்குள் 25க்கு 3 மில்லிமீட்டர் ஜிஐ பட்டையால் மூன்றையும் இணைக்க வேண்டும்.

போன கோடையில் ஒரு வீட்டில் மூன்று குழியும் தனித்தனியாக 4.8, 5.1, 3.9 ஓம் காட்டின, பட்டை போட்டுச் சேர்த்த பிறகு 2 ஓமுக்குப் பக்கத்தில் வந்தது. அந்த எண்ணையும் தேதியையும் ஏசிடிபி கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைத்தோம், மண் நன்றாகக் காய்ந்த வைகாசியில் மறுபடி அளந்து அதற்குக் கீழேயே எழுத வேண்டும்.